விரல் நுனியில் திரும்பிய வண்டி

புதிதாக இத்தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள், சக்கரக் கோணம் அளக்கும் கருவியின் திரையைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். சிவப்பில் தெரிவதைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் ஆய்ந்து பார்க்க இனி என்ன இருக்கிறது என்றீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். விடை இல்லாமலில்லை. அந்த விடைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறுவதற்குள் முடிக்க இயலாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. இராஜபாளையத்தில் தென்காசிச் சாலையை ஒட்டி என் பட்டறை இருந்தது. என்ஜின் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, முன்சக்கரம் ஆடுகிறது, ஸ்டியரிங் பிடிக்கிறது என்று வருபவர்களே என்னிடம் வருவார்கள். ஊரில் நூற்பாலைகள் மிகுதி. ஆலைதோறும் ஒரு முதலாளி, முதலாளிதோறும் ஒரு கார், காருக்கு ஓர் ஓட்டுநர். ஓட்டுநர்கள் காலையில் முதலாளியை ஆலையில் இறக்கிவிட்டு, என் பட்டறை வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் கூடுவார்கள். வேலை இருந்தாலும் வருவார்கள். இல்லாவிட்டால் தவறாமல் வருவார்கள்.

அவர்களுள் சுப்பையா அண்ணாச்சி மூத்தவர். இளமையில் ஆலைக்குள் நூற்புப் பகுதியில் நூல் முறுக்கிச் சுழலும் கதிர்களுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை பார்த்தவர். எப்படியோ கார் ஓட்டக் கற்று, அவருடைய முதலாளியின் பியட் காருக்கு ஓட்டுநராக வெளியே வந்துவிட்டார். 'வெளியே வந்துவிட்டேன்' என்றுதான் அவரும் சொல்வார், சிறையிலிருந்து மீண்டவர் சொல்வதைப் போல. வேலைநேரம் மாறும் ஆலைச் சங்கு ஊதியதும் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய ஆட்கள் சாலையில் நடந்து வருவார்கள். அவர்களைக் கண்டால் அண்ணாச்சியின் பேச்சு அற்றுப்போகும். அந்தப் பஞ்சுத் தூசிக்குள் தாம் திரும்பிப் போகக்கூடாது என்பது ஒன்றே அவர் வாழ்வில் வேண்டிக்கொண்டது. கார்ச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும்வரை அந்த அச்சம் இல்லை. காக்கிச் சட்டையின் மேல் கை வைத்துச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

அவருடைய பியட்டுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. பிற வண்டிகளின் ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமானால் தோள் வலிக்கும். அந்தக் காலத்துக் கார்கள் அப்படி. இவர் வண்டியோ ஒரு விரலுக்குத் திரும்பும்.

“ஏலே, எல்லாவனும் கெணத்து உருளைய இழுக்க மாதிரில்லா ஸ்டியரிங்க இழுக்கிய! எவ் வண்டிய வந்து பாரு. சுண்டு வெரலு போதும்” என்பார்.

“அண்ணாச்சி வண்டிக்கு ஸ்டியரிங்கே வேண்டாம்லே. ஊதுனாத் திரும்பிரும்” என்று ஒருவர் சீண்டுவார்.

“ஊதவும் தெம்பு வேணும்லா?” என்று அண்ணாச்சி சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருமலில் முடியும். பீடியைக் குற்றம் சொல்லிவிட்டு, காரின் முன்மூடியில் சாய்ந்து சற்று நேரம் நிற்பார். நாங்கள் எல்லோரும் பீடி என்றே நம்பினோம்.

ஒருநாள் அந்தப் பியட் ஆடத் தொடங்கியது. வேகம் கூடினால் முன்சக்கரங்கள் உதறின. அண்ணாச்சி மதுரைக்குப் போய்ச் சக்கரங்களைச் சமன்செய்து வந்தார். சில நாள் அடங்கியது போலிருந்து மீண்டும் ஆடியது. அதன் பிறகே என்னிடம் வந்தார்.

“செத்த நேரம் பாத்துக் குடுத்துரு தம்பி. வெள்ளிக்கெழம மொதலாளி மகளுக்கு வளைகாப்பு. சீவில்லிபுத்தூருல கட்டிக் குடுத்துருக்கு. போயிப் பிள்ளைய இங்க கூட்டியாரணும். நாந்தான் கூட்டியாரணும்னு சொல்லுது அந்தப் புள்ள. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயி விட்டதும் நாந்தான.”

வண்டியைத் தூக்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். அவரையே ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்தேன். திருவில்லிபுத்தூர்ச் சாலையில் ஒரு பாலத்தருகே சிறு பள்ளம். சக்கரம் அதைத் தொட்டதும் ஸ்டியரிங் அவர் கைகளை உதறித் தள்ளுவதுபோல் ஆடிற்று. வேகத்தைக் குறைத்தும் அடங்கவில்லை. வண்டி ஏறக்குறைய நின்ற பிறகே ஓய்ந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வேகத்தில் வந்து, அதைக் கடந்ததும் போய்விடும் ஆட்டம் பெரும்பாலும் சக்கரத்தின் சமநிலைக் குறை. பள்ளத்தில் பிறந்து, நிறுத்தும்வரை விடாத ஆட்டம் தேய்ந்துபோன மூட்டின் குரல். மதுரையில் செய்த சமன் அந்தக் குரலைச் சில நாள் அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவே.

பட்டறைக்கு வந்து முன்புறத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். கட்டுக்கடங்காமல் அசைந்தது. அண்ணாச்சியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங்கில் தளர்ச்சி என்றால் மிதித்ததும் அசைவு நின்றிருக்கும், நிற்கவில்லை. சக்கரத்தைத் தாங்கி அதைத் திரும்ப விடுகிற கிங்பின் தேய்ந்து, தன்னைச் சுற்றிய உறையான புஷ்ஷுக்குள் உருண்டுகொண்டிருந்தது. முந்தைய ஆண்டுதான் அதைப் புதிதாக மாற்றியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாற்றியவர் திருவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருந்த ஞானமுத்து. என் தொழில் நண்பர். அந்த ஆலையின் வேன்கள் எல்லாம் அவரிடமே போய்வந்தன. அவர் கைவேலை ஓராண்டில் தேய்வது இயல்பன்று.

விளக்கைக் கொண்டுபோய்க் கிட்டப் பார்த்தேன். கிங்பின்னைச் சுற்றிலும் கறுத்த கிரீஸ் பிதுங்கி நிற்க வேண்டிய இடத்தில் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. தொட்டேன். பஞ்சுத் துகள். நீர்போன்ற மெல்லிய எண்ணெயில் ஊறி, அடை அடையாக ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தவுடன் புரிந்துவிட்டது. நூற்பாலையைக் கடந்து போகிறவன் எவனுக்கும் தெரிந்த மணம் அது.

“அண்ணாச்சி, இதுக்குக் கிரீஸ் அடிக்கிறதில்லையா?”

“அந்தக் கருப்புச் சாணியவா?” என்று முகம் சுளித்தார். “கிரீஸ் அடிக்கிற நிப்பிளக் கழத்திட்டு ஸ்பிண்டில் ஆயில் விடுதேன். மில்லுல கதிரு என்ன சுத்து சுத்துது! அதுக்கே இந்த ஆயிலுதான். நான் எம்புட்டு வருசம் ஊத்தியிருக்கேன். ஒரு கதிரு தேஞ்சுதுன்னு பேரு வாங்கல. ஒங் கிங்பின்னு அதவிடப் பெருசோ?”

அவர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது. வாழ்வின் பாதியை எதனோடு கழித்தாரோ அதைக் கொண்டு உலகை அளந்திருக்கிறார். வேறெந்த ஊரிலும் ஓர் ஓட்டுநருக்கு இந்த எண்ணம் தோன்றியிராது. தோன்றினாலும் எண்ணெய் கிடைத்திராது. ஆனால், கதிர் பாரம் சுமக்காமல் சுழல்வது. கிங்பின் சுழலாமல் பாரம் சுமப்பது. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு வறட்சி. மெல்லிய எண்ணெய் அந்த எடைக்கு முன் நிற்காமல் வழிந்துபோக, இரும்பு இரும்பையே தின்றிருக்கிறது. விரலுக்குத் திரும்பிய அழகில் ஒரு பகுதி எண்ணெயின் வழவழப்பு. மறுபகுதி தேய்மானத்தின் தளர்ச்சி.

விளக்கினேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. “அதுக்குத்தான் லேசா இருந்துச்சா?” என்றார். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சிய? கிரீஸ் போட்டா என்ன?”

“கனத்துப் போவும்லா? சுண்டு வெரல்ல ஓட்டலேன்னா சுப்பையாவுக்கு ஊருக்குள்ள என்ன மருவாதி?” என்று சிரிக்க முயன்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தம்பி, தேஞ்சு போச்சுன்னு மட்டும் மொதலாளிட்டச் சொல்லு. பொய்யில்லையே அது. ஆயிலுன்னு சொல்லாத. சொன்னா சாவிய வாங்கிருவாரு. பொறவு நான் உள்ளதான் போணும்.”

தேய்ந்துவிட்டது என்பது பொய்யில்லை. சரி என்றேன். அன்றுவரை காரணத்தைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் என் விருப்பம் என்றே எண்ணியிருந்தேன். பழுதைச் சரிசெய்கிறவன் சரித்திரம் எழுத வேண்டியதில்லை அல்லவா?

மறுநாள் முதலாளியே வாடகைக் காரில் வந்து இறங்கினார். அதிர்ந்து பேசாதவர். வேட்டியின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி, தூக்கி நிறுத்தியிருந்த தம் காரைச் சுற்றி வந்தார். அண்ணாச்சி மரத்தடியில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு வண்டி வேணுமேப்பா.”

“தர முடியாது மொதலாளி. சாமான் மதுரையிலேருந்து வரணும்.”

“மெதுவாப் போனா ஆவாதா? இந்தா இருக்கு சீவில்லிபுத்தூரு.”

“போறப்போ வெறும் வண்டி. வாரப்போ பிள்ளைத்தாச்சியில்லா உள்ள இருப்பாவ? மெதுவாப் போனாலும் பள்ளம் பள்ளந்தான.”

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இத்தொழிலில் வண்டியைத் தர மறுப்பதே கடினம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது கடினமில்லை. உங்களிடம் உண்மை இருந்தால் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். கடினமானது அதன் பின்னரே வந்தது.

“போன வருசந்தான இத மாத்துனான் அந்த ஞானமுத்து?” என்றார் முதலாளி. “ஒரு வருசத்துல தேயுமா? போலிச் சாமானப் போட்டு ஏமாத்தியிருக்கான். எம் மக உசுரு போயிருக்கும். இன்னையோட ஒரு வண்டி அவங்கிட்டப் போவாது. மத்த மில்லுக்காரங்ககிட்டயும் சொல்லுதேன். அவன் எப்படித் தொழில் பண்ணுதான்னு பாக்கேன்.”

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. ஆலைக்காரர்கள் மாலையில் ஒன்றாக அமர்ந்து பேசுகிறவர்கள். அங்கே இந்த ஒரு சொல் விழுந்தால் மறுவாரம் ஞானமுத்துவின் பட்டறை பூட்டிக் கிடக்கும். ஞானமுத்துவோ நல்ல பொருளை நல்ல முறையில் பொருத்தியவர். கழற்றி வைத்த கிங்பின்னின் உலோகமே அதற்குச் சான்று.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். 'நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று கண்ணால் கேட்டேன். அவருக்கு அது விளங்கியது. உதடு அசைந்தது. துண்டை இன்னும் இறுகச் சுருட்டினார். அதுவரை நான் கேளாத ஒன்றை அன்று கேட்டேன்: எட்டடி தள்ளி நிற்கும் ஒரு மனிதரின் மூச்சு.

“ஞானமுத்து மேல குத்தமில்ல மொதலாளி” என்றேன். “போட்டது நல்ல சாமான். கிரீசுக்குப் பதிலா ஸ்பிண்டில் ஆயில் விட்டுருக்கு. அதான் தேஞ்சிருச்சு.”

முதலாளி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். பிறகு, ஏசாமல், கையை நீட்டினார்.

“சாவியக் குடு சுப்பையா.”

அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டார். இம்முறை தேடித் தொட்டார், அங்கேயே இருந்த சாவி கிடைக்காமல் போகட்டும் என்பதுபோல.

“மொதலாளி, தெரியாமச் செஞ்சது” என்று நான் குறுக்கிட்டேன். “அவுகளவிடச் சூதானமா ஓட்டுற ஆளு இந்த ஊருல இல்ல. வேற வண்டியாவது குடுங்க. உள்ள மட்டும் அனுப்பாதிய.”

“நான் அவன வேலைய விட்டுத் தூக்கலையே” என்றார் அவர். “பழைய டிபார்ட்மென்ட்டுக்குப் போட்டும். ஆயில்தான் அவனுக்குத் தெரியும். எம் மகள வச்சி எவனையும் பழகிப் பாக்கச் சொல்ல முடியாது, பாத்துக்கோ.”

தந்தையாக அவர் பேசியதில் எந்த இடத்தைப் பிடித்து நான் மறுப்பேன்? வளைகாப்பு முடிந்து அந்தப் பெண் வாடகைக் காரில் வந்து சேர்ந்தாள். ஞானமுத்துவின் பட்டறை நிலைத்தது. பியட்டுக்குப் புதிய கிங்பின் பொருத்தி, கிரீஸ் அடித்து அனுப்பினேன். புதிய ஓட்டுநர் ஓட்டிப் போனார். கேட்டவர்கள் எல்லோரும் நான் செய்தது சரி என்றார்கள். இன்றுவரை நானும் அப்படியே கருதுகிறேன். சரி என்பது ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அண்ணாச்சி வேப்பமரத்தடிக்கு வருவது நின்றது. சாலையில் ஓரிரு முறை கண்டேன், புருவத்தில் பஞ்சுடன். நான் சைக்கிளை நிறுத்தினால் அவர் ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துவிடுவார்.

தொண்ணூறுகள் பிறந்தன. சின்னஞ்சிறு மாருதிக் கார்கள் ஊருக்குள் வந்தன. நானும் பழையது ஒன்றை வாங்கினேன். ஒருநாள் பகலில் ஞானமுத்துவைப் பார்க்கத் திருவில்லிபுத்தூர் போனபோது, அவர் பட்டறையின் முகப்பில், பெஞ்சின் ஓரத்தில், சுப்பையா அண்ணாச்சி அமர்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஆலையிலிருந்து முன்னரே விலகி, அந்தத் தெருவிலேயே இருக்கும் மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். பொழுது போகாமல் பட்டறைக்கு வருவார் என்றார் ஞானமுத்து. நான் அருகில் போய் அமர்ந்தேன். இம்முறை அவர் எழுந்து போகவில்லை. எழுவது அவருக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

“கோவமா அண்ணாச்சி?”

“கோவப்படவும் மூச்சு வேணும் தம்பி” என்றார். ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையே நிறுத்தி நிறுத்திப் பேசினார். “டாக்டரு சொல்லுதாரு, பஞ்சுத் தூசியாம். இப்ப வந்தது இல்லியாம். நான் மொத மட்டம் உள்ள இருந்தப்பவே நெஞ்சுல போயி ஒக்காந்துட்டாம்.”

“அப்போ, பீடின்னு சொன்னியளே?”

“நான் பீடி குடிச்சு எப்பப் பாத்த?”

எண்ணிப் பார்த்தேன். பார்த்ததில்லை.

“மில்லு கேட்டுல அந்த மொடக்கு இருக்குல்லா” என்றார். “முன்ன பின்ன எடுத்துத் திருப்பணும். கனத்த ஸ்டியரிங்க ரெண்டு இழுப்பு இழுத்தா நெஞ்ச அடைக்கும். மொதலாளி பொறத்தாலேயே இருப்பாரு, கண்ணாடியில பாத்துக்கிட்டு. மூச்சு எளைக்கிறவங் கையில வண்டியக் குடுப்பாரா? அதான் ஆயில விட்டேன். லேசாப் போச்சு. ஊரே சுண்டு வெரலுன்னு பேசிச்சு. நானும் அத அப்படியே புடிச்சுக்கிட்டேன்.”

ஸ்டியரிங்கின் கனத்தைக் குறைக்க எவ்வளவோ வழி இருந்தது. டயரில் காற்றைச் சற்றுக் கூட்டியிருக்கலாம். கிரீஸையே அடிக்கடி புதுப்பித்திருக்கலாம். ஸ்டியரிங் வளையத்தைச் சற்றுப் பெரிதாக மாற்றியிருக்கலாம். பாதிக் கனமாவது குறைந்திருக்கும்.

“அன்னைக்கு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. நான் கேட்டேனே!”

“சொன்னா?” என்று என்னைப் பார்த்தார். “ஆயில ஊத்திக் கெடுத்துட்டான் சுப்பையான்னுதான் இன்னைக்கும் சொல்லுதாவ. சொல்லட்டும். தப்புப் பண்ணவம்பாவ. முடியாதவன்னு ஒருத்தன் சொல்லலல்லா?”

இளையவரே, திரையில் தெரியும் எண்களை நான் குறைத்துப் பேசவில்லை. எங்களிடம் அவை இருந்திருந்தால் எத்தனையோ பிழைகள் குறைந்திருக்கும். ஆனால், அன்று எந்தக் கருவியை வைத்து அளந்திருந்தாலும் அது கிங்பின்வரைதான் வந்திருக்கும். நான் எண்ணெய்வரை வந்தேன். பழுது அதற்கும் அப்பால், ஓட்டுபவரின் நெஞ்சுக்கூட்டில் இருந்தது. 'ஏன்' என்று கேட்டேன். அவர் வேடிக்கையாக ஒரு விடை சொன்னார். அதைக் கொண்டு நிறைவடைந்தேன். இனி யார் வண்டி கொண்டுவந்தாலும், தூக்குவதற்கு முன் அவரையே இருக்கையில் அமர்த்தி, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பச் சொல்லுங்கள். அப்போது சக்கரத்தைப் பார்க்காதீர்கள். அதைப் பார்க்கக் கருவி இருக்கிறது.

அன்று விடைபெறும்போது, வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று அண்ணாச்சியை என் காரில் ஏறச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். அமர்ந்தார். இரு கைகளையும் வளையத்தில் வைத்தார். ஒரு கையை எடுத்துவிட்டு, ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். சக்கரம் அசைந்தது.

“லேசா இருக்கே! என்னத்த ஊத்துன?”

“ஒன்னும் ஊத்தல அண்ணாச்சி. இதுக்குப் பொறப்பே இப்படித்தான்.”

அவர் சிரித்தார், பழைய சிரிப்பு. அது இருமலாக மாறி, வளையத்தின் மேல் அவர் நெற்றி கவிழும்வரை நீண்டது. அடங்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்து, இறங்கி, வண்டியின் மேற்கூரையைப் பற்றிக்கொண்டே சுற்றி வந்து மறுபக்க இருக்கையில் அமர்ந்தார். கதவைத் தாமே சாத்தினார். கை தன் போக்கில் எழுந்து சட்டைப்பையைத் தொட்டது.

“நீயே ஓட்டு தம்பி” என்றார்.